வசந்தாமணியின் முறை

இந்தக் காலத்தில் குருவைத் தேடி யாரும் காட்டுக்குப் போவதில்லை. போனாலும் வனத்துறைக்காரர்கள் உள்ளே விடமாட்டார்கள். எங்கள் கணபதிப் பகுதியில் ஒரு டயர் கடை மாடியிலேயே குரு இருக்கிறார். பெயர் ரெஜினா. வயது முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். காவிக்குப் பதில் கறுப்பு டிராக் பேன்ட். கழுத்தில் உருத்திராட்சத்துக்குப் பதில் விசில்.

அவருடைய ஜிம்மில் முதலில் உடம்பைப் போட்டுப் பிழிந்தெடுப்பார். தரையில் விழ வேண்டும், எழ வேண்டும், குதிக்க வேண்டும், மறுபடியும் விழ வேண்டும். பர்பி என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் நாக்குத் தள்ளிக் கிடக்கும் நேரத்தில் சுவரில் மாட்டிய எழுதுபலகைக்குப் பக்கத்தில் போய் நின்று ஒரு வாக்கியம் சொல்வார். அதுதான் அன்றைய பாடம். மூச்சு சீராகிவிட்டால் எத்தனை கெஞ்சினாலும் சொல்லமாட்டார்.

"நிதானமா உக்காந்து கேட்டா நல்லா மண்டையில ஏறுமே கோச்?" என்று ஒருவர் கேட்டார்.

"மூச்சு இருந்தா எதிர்த்துப் பேசுவீங்க," என்றார் ரெஜினா.

அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. தனி ஆளாக யாரும் எதையும் செய்யக்கூடாது. எல்லோருக்கும் ஒரு ஜோடி. ஒருவர் பத்து பர்பி போடும்போது மற்றவர் எதிரே நின்று எண்ண வேண்டும். அவர் முடித்த பிறகுதான் இவர் முறை. ஜோடி வேகமான ஆளாக இருந்தால் உங்களுக்கு ஓய்வு குறைவு. மெதுவான ஆளாக இருந்தால் அதிகம். ஜோடி வாய்விட்டு எண்ணாத எதுவும் கணக்கில் சேராது.

சென்னியப்பனின் ஜோடி அவர் மனைவி வசந்தாமணி.

சென்னியப்பன் வெகுகாலம் மோட்டார் காயில் கட்டும் பட்டறை நடத்தியவர். சாப்பாடு, பேச்சு, கோயில் சுற்றுவது எல்லாமே அவருக்கு வேகம்தான். சர்க்கரை வந்தது வசந்தாமணிக்கு. டாக்டர் சொன்னதற்காக அவரை ஜிம்முக்குக் கூட்டிவந்தவர், வந்த இடத்தில் தானும் சேர்ந்துகொண்டார்.

வசந்தாமணியோ நாலாவது பர்பியில் நின்று கொண்டையை அவிழ்த்து மறுபடி போடுவார். ஏழாவதில் நின்று, "மத்தியானத்துக்கு என்னங்க வெக்கறது?" என்று கேட்பார். குதிக்க வேண்டிய இடத்தில் குதிகாலை மட்டும் தூக்கிவிட்டு, "குதிச்சாச்சு" என்று தானே அறிவித்துக்கொள்வார்.

எதிரே நிற்கும் சென்னியப்பனின் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

"ஏன் வசந்தா, பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிருவியா?"

"நிக்கறதுக்கு உங்களுக்கு என்னங்க நோவு? ஓய்வுதானே?"

ஜிம்மே சிரிக்கும். வசந்தாமணியும் சிரிப்பார். சிரித்ததில் எத்தனை போட்டோம் என்பது மறந்துபோய் மறுபடியும் நிற்பார். தலையில் அடித்துக்கொள்வார் சென்னியப்பன்.

ஆடி மாதத்தில் வசந்தாமணி காய்ச்சலென்று படுத்தார். அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார்.

கார்த்திகையில் சென்னியப்பன் மட்டும் திரும்பி வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். யாரிடமும் ஒன்றும் பேசாமல் தன் இடத்தில் ரப்பர் மேட்டை விரித்தார். பக்கத்தில் இன்னொரு மேட்டையும் விரித்தார்.

அன்றைய பாடத்தை ரெஜினா முன்பே யோசித்து வைத்திருந்தார் போலிருக்கிறது. பலகையில் எழுதியும் வைத்திருந்தார். எல்லோரும் மூச்சு இளைத்துக்கொண்டு கிடந்தபோது சொன்னார்.

"பழசை இறக்கி வைங்க. கை காலியா இருந்தாத்தான் அடுத்ததைத் தூக்க முடியும்."

சென்னியப்பன் தரையில் கிடந்தபடியே பதில் சொன்னார்.

"இறக்கி வெச்சுட்டுத்தானுங்க அம்மணி வந்திருக்கறேன். ஆத்துப்பாலத்துல."

ஆத்துப்பாலத்தில் இருப்பது சுடுகாடு. ரெஜினா பலகையில் எழுதியிருந்ததைத் துணியை எடுத்து அழித்தார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பாடம் எதுவும் சொல்லவில்லை. உடம்பை மட்டும் பிழிந்து அனுப்பினார்.

சென்னியப்பன் தினமும் வந்தார். பத்து பர்பி போடுவார். பிறகு எழுந்து அந்தக் காலி மேட்டைப் பார்த்தபடி நிற்பார். உதடு மட்டும் அசையும். அவர் எண்ணுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். வெகுநேரம் நிற்பார். பத்து ஆனதும் மறுபடி தன் முறையைத் தொடங்குவார். மற்றவர்கள் நாலு சுற்று முடிக்கும்போது அவர் இரண்டைத்தான் முடித்திருப்பார்.

அங்கே வரும் வங்கி மேலாளர் பத்மஜாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"கோச், அவருக்கு ஒரு ஜோடி போட்டு விடுங்களேன். பாக்கவே என்னமோ பண்ணுது."

"அவருக்கு ஜோடி இருக்காங்க," என்றார் ரெஜினா.

மாதங்கள் போயின. சென்னியப்பனின் உடம்பு தேறியது. தோள் இறுகியது. முகத்தில் ரத்தம் வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். அவருக்கு மட்டும் ஏதோ பயம் பிடித்திருந்தது.

ஒரு நாள் எல்லோரும் இறங்கிப் போன பிறகும் அவர் போகவில்லை. துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார்.

"அம்மணி, ஒரு சந்தேகமுங்க."

"சொல்லுங்ணா."

"வசந்தா வேகமாயிட்டே வர்றாளுங்க."

ரெஜினாவுக்குப் புரியவில்லை. குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தார்.

"அவ முறைக்கு நான் நிக்கறேன் இல்லீங்களா? மொதல்ல எல்லாம் நாலுல நிப்பா. கொண்டை போடுவா. ஏழுல நின்னு ஏதாச்சும் கேப்பா. எல்லாம் கண்ணு முன்னால வரும். நான் பாட்டுக்கு நின்னுட்டு இருப்பேன்."

"ம்."

"இப்ப வர வர அவ எங்கயும் நிக்கறதே இல்லீங்க. கடகடன்னு முடிச்சர்றா. நேத்து எனக்கு மூச்சே அடங்கலை, அதுக்குள்ள பத்தும் முடிச்சுட்டா."

ரெஜினா பாட்டிலின் மூடியைத் திருகினார்.

"அவ அப்படிப் பண்ற ஆளே இல்லீங்க அம்மணி. நான்தான் அவசரப்படுத்தறேன். உசுரோட இருக்கறப்பதான் விரட்டுனேன்னா, இப்பவும் விரட்டறேன்."

சென்னியப்பனின் குரல் உடைந்தது. துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டார்.

"இப்படியே போனா ஒரு நாளைக்கு அவ முறைன்னே ஒண்ணு இருக்காது. நான் முடிச்ச கையோட மறுபடியும் நானே ஆரம்பிச்சிருவேன். அன்னிக்கு அவ நெசமாலுமே போயிருவாளுங்க."

"என்ன பண்ணணுங்றீங்க?"

"அவளைப் பழையபடி மெதுவா ஆக்கோணும். அதுக்கு ஏதாச்சும் பாடம் வெச்சிருந்தீங்கன்னா சொல்லுங். எத்தனை பர்பி வேணும்னாலும் போடறேன்."

ரெஜினா காலியாகக் கிடந்த பலகையைப் பார்த்தார்.

"அப்படி ஒண்ணு என்கிட்ட இல்லீங்ணா."

சென்னியப்பன் தலையாட்டினார். படியிறங்கப் போனவரை ரெஜினா கூப்பிட்டார்.

"நாளைக்கு மறக்காம வாங்க."

மறுநாள் சென்னியப்பன் மேலே ஏறி வந்தபோது அவர் வழக்கமான இடத்தில் மூன்று மேட் விரித்திருந்தது. ஒரு ஓரம் அவருடையது. நடுவில் வசந்தாமணியுடையது. மறு ஓரத்தில் ஒரு பெரிய உருவம் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்ட முயன்றுகொண்டிருந்தது. வயிறு குறுக்கே வந்ததால் நாடா கைக்கு எட்டவில்லை.

"இவரு சாதிக் பாய். பக்கத்துத் தெருவுல பேக்கரி வெச்சிருக்காரு. இன்னிக்குத்தான் சேர்ந்திருக்காரு," என்றார் ரெஜினா.

தன் கடைத் தேங்காய் பன்னைத் தானே ருசி பார்த்து, தானே பாராட்டி வளர்த்த உடம்பு அது. டாக்டர் ஏதோ சொல்லிப் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்.

சென்னியப்பனின் முகம் சுருங்கியது.

"எனக்கு ஜோடி இருக்குதுன்னு நீங்கதானே அம்மணி சொன்னீங்?"

"இருக்காங்க. நடுவுல அக்கா இடத்தை நான் தொடலையே. உங்க முறை முடிஞ்சா பாய் முறை. அக்கா முறை எப்பன்னு அக்கா பாத்துக்குவாங்க."

விசில் ஊதிவிட்டார். விசில் ஊதிய பிறகு அங்கே யாரும் வாதம் செய்ய முடியாது.

சென்னியப்பன் பத்தையும் போட்டு முடித்தார். அப்புறம் பாய் முறை. சாதிக் பாய் தரையில் விழுந்தார். விழுந்ததென்னவோ சட்டென்று நடந்துவிட்டது. எழுவதுதான் நடப்பதாகக் காணோம். ஒரு கையை ஊன்றினார். யோசித்தார். இன்னொரு கையை ஊன்றினார். முட்டியைப் பிடித்துக்கொண்டு அல்லாவைக் கூப்பிட்டார். எழுந்தார். குதிப்பதற்குப் பதில் தோளை மட்டும் ஒரு குலுக்குக் குலுக்கினார்.

"ஒண்ணு," என்றார் சென்னியப்பன்.

வசந்தாமணியைவிட மெதுவான ஒரு பிறவியை அவர் அதுவரை பார்த்ததில்லை. வசந்தாமணியையாவது மனதுக்குள் விரட்ட முடிந்தது. பாயை விரட்ட முடியவில்லை. அவர் எழுந்தால்தான் இரண்டு. எழாதவரை ஒன்றுதான்.

சென்னியப்பன் நின்றார். வேறு வழியில்லை.

"மூணு."

பாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தார். சென்னியப்பனின் மூச்சு அடங்கியது. பார்வை தானாக நடு மேட்டுக்குப் போனது. அங்கே வசந்தாமணி நாலாவதில் நின்று கொண்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பல்லில் ஹேர்பின்னைக் கடித்திருந்தார். அவசரமே படவில்லை.

"நாலு," என்றார் சென்னியப்பன். யாருக்குச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. இத்தனை நாள் அவளைக் காணவில்லையே என்று இருந்தது. வந்துவிட்டாளே என்றும் இருந்தது.

இரண்டாவது சுற்றும் அப்படித்தான் போனது. மூன்றாவது சுற்றில் பாய் ஒன்பதை எப்படியோ முடித்துப் பத்தாவதற்கு விழுந்தவர் எழவே இல்லை. கன்னத்தை மேட்டில் வைத்துக்கொண்டு கிடந்தார். மற்ற ஜோடிகளெல்லாம் முடித்துவிட்டார்கள். எல்லோரும் தரையில் இளைத்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்தார்கள்.

"என்னால ஆகலைங்க. உங்களுக்குத்தான் லேட்டாகுது. என்னை விட்டுட்டு உங்களுத ஆரம்பிச்சுக்கங்க," என்றார் பாய்.

சென்னியப்பன் குனிந்து பார்த்தார். அவர் கால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. எப்போதிலிருந்து தட்டுகிறதென்று தெரியவில்லை. காலை நிறுத்தினார். முட்டி நோவையும் பார்க்காமல் பாய்க்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"மெதுவா எந்திரிங் பாய். ஒரு அவசரமும் இல்லீங். நான் இங்கயேதான் நிக்கறேன்."

தன் வாயிலிருந்து வந்தது தன் காதில் விழ அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. திரும்பி நடு மேட்டைப் பார்த்தார். இப்போது அங்கே யாரும் இல்லை.

எழுந்து, பலகைப் பக்கம் நின்ற ரெஜினாவிடம் போனார். கண்ணில் நீர் நின்றது. துடைக்கவில்லை.

"அம்மணி."

"சொல்லுங்ணா."

"இந்த ஒத்தை வார்த்தையை அவகிட்ட நான் சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

பத்மஜா தரையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். "அக்காவுக்கு அதெல்லாம் தெரியாமயா இருந்திருக்கும்..." என்று தொடங்கினார். ரெஜினா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

பிறகு சென்னியப்பனை நேராகப் பார்த்தார்.

"சொல்லியிருக்கலாமுங்ணா."

சென்னியப்பன் நகரவில்லை. இன்னும் ஏதாவது வரும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாய் இன்னும் எந்திரிக்கல," என்றார் ரெஜினா. "பக்கத்துல எண்ணறதுக்கு ஆளில்லாம கிடக்காரு. போங்க."