பவுனுத்தாயின் பெல்ட்டும் மூன்று அண்ணன்மாரும்

ஓடைக்கரைப்பட்டியில் புத்தி என்பது பொதுச்சொத்து. யாரும் தனியாக எடுத்துப் பயன்படுத்துவதில்லை. அந்த ஊரில் ராசாங்கம், பிச்சைமணி, சீமைச்சாமி என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூவருக்கும் ஒரே தங்கை, பவுனுத்தாய். வீட்டுக்கு வரவேண்டிய மூளை மொத்தமும் கடைசியாகப் பிறந்த அவளிடம் போய்விட்டது. அதனால் அண்ணன்மாரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

பவுனுத்தாய்க்குத் தலைப்பிரசவம், ஒன்பதாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும் பிறந்த வீட்டார் வந்து அழைத்துப் போக வேண்டும் அல்லவா? அண்ணன்மார் மூவரும் ஒரு பழைய காரைப் புதிதாக வாங்கிக்கொண்டு போய் இறங்கினார்கள். கை நிறையக் கண்ணாடி வளையலும் கழுத்தில் மாலையுமாகத் தங்கையை ஏற்றி, அவளைப் பார்த்துவந்த டாக்டரம்மாவிடம் முதலில் கூட்டிப் போனார்கள். ஊருக்கு மூன்று மணி நேரம் என்று கேட்டதும் அந்த அம்மாள் பொறுமையாக விளக்கினார். யாரிடம் பேசுகிறோம் என்று பாவம் அவருக்குத் தெரியாது.

"சீட் பெல்ட் கண்டிப்பா போடணும். கீழ்ப்பட்டை வயித்து மேல வரவே கூடாது. வயித்துக்குக் கீழ, இடுப்பு எலும்புல படியணும். மேல்பட்டை மார்புக்கு நடுவுல வந்து வயித்து ஓரமா இறங்கணும். சீட்டை நல்லாப் பின்னால தள்ளிக்கோங்க. மெதுவா ஓட்டுங்க. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி அஞ்சு நிமிஷம் நடங்க. ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் பெல்ட்டைக் கழட்டக் கூடாது. புரிஞ்சுதா?"

"தெளிவாப் புரிஞ்சுது" என்றார் ராசாங்கம். அவர் இப்படிச் சொன்ன போதெல்லாம் ஊரில் ஏதாவது ஒரு சுவர் இடிந்து விழுந்திருக்கிறது.

பெல்ட்டைப் பவுனுத்தாயே போட்டுக்கொண்டாள், டாக்டரம்மா சொன்னதில் ஒரு இம்மி பிசகாமல். அந்தப் பயணத்தில் சரியாக நடந்த காரியம் அது ஒன்றுதான். அடுத்து அவள் உட்கார்ந்திருந்த முன் சீட்டைப் பின்னால் தள்ளினார்கள். பின்னால் இருந்த பிச்சைமணியின் முழங்கால் அவர் மோவாயைத் தொட்டது.

"போதுமாடா?" என்றார் ராசாங்கம்.

"நல்லாத் தள்ளச் சொன்னாங்கண்ணே. எனக்கு இன்னும் மூச்சு வருது" என்றார் பிச்சைமணி, கடமை உணர்ச்சியோடு.

மெதுவாக ஓட்டச் சொன்னதையும் ராசாங்கம் மறக்கவில்லை. ஒரு ஆட்டு மந்தை காரை முந்திப் போயிற்று. கடைசியாகப் போன நொண்டி ஆடு ஒன்று திரும்பி இரக்கத்தோடு பார்த்தது.

சரியாக ஒரு மணி நேரம் ஆனபோது கார் ஒரு குறுகிய பாலத்தின் நட்டநடுவில் இருந்தது. ராசாங்கம் சடக்கென்று நிறுத்தினார். பின்னால் இரண்டு பஸ், முன்னால் ஒரு லாரி.

"பாலத்தைத் தாண்டி நிறுத்துங்கண்ணே" என்றாள் பவுனுத்தாய்.

"தாண்டினா ஒரு மணி ஒரு நிமிஷம் ஆயிரும் தாயி. உன் உடம்புல நாங்க வெளையாட மாட்டோம்."

அவள் பெருமூச்சு விட்டு, பெல்ட்டைக் கழற்றும் சிவப்புப் பொத்தானில் கை வைத்தாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் அலறினார்கள். ராசாங்கம் பொத்தானைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் கழட்டக் கூடாதுன்னாங்களே!"

"அப்புறம் எப்படிண்ணே நடக்குறது?"

அப்போதுதான் அவர்களுக்குச் சிக்கல் புரிந்தது. கழற்றவும் கூடாது, நடக்கவும் வேண்டும். மூவரும் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து யோசித்தார்கள். பஸ்காரர்கள் ஹாரன் அடித்து யோசனைக்கு உதவினார்கள்.

"பெல்ட்டைத்தான கழட்டக் கூடாதுன்னாங்க?" என்றான் சீமைச்சாமி. "சீட்டைக் கழட்டலாம்ல?"

ராசாங்கம் கண்கலங்கித் தம்பியைத் தழுவிக்கொண்டார். பிச்சைமணி ஸ்பானரை எடுத்தார். சீட்டின் நான்கு போல்ட்டும், பெல்ட் சுருண்டிருந்த உருளையும் கழன்று வந்தன. தங்கையைச் சீட்டோடு இரண்டு அண்ணன்மார் தூக்க, சீமைச்சாமி உருளையைக் கையில் ஏந்திப் பக்கத்தில் நடந்தான். திட்ட வாயெடுத்த பஸ் டிரைவர் அப்படியே வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார்.

பத்தடி போனதும் பவுனுத்தாய்க்கு வலி கண்டது.

"அண்ணே! வலிக்குதுண்ணே! டவுன் ஆஸ்பத்திரி ரெண்டு மைல்தான். கார்ல ஏத்துங்க!"

இங்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு முதல் பிள்ளை, நடுரோடு, துணைக்கு இந்த மூன்று பேர். உண்மையிலேயே அவள் பயந்து போனாள். யாராக இருந்தாலும் பயப்படுவார்கள்.

"அஞ்சு நிமிஷம் ஆனதும் ஏத்திருவோம் தாயி" என்றார் ராசாங்கம். "பிச்சை, மணி என்ன?"

"பத்து இருபது."

போல்ட்டைத் திருகும்போது இடிபட்டுப் பிச்சைமணியின் கைக்கடிகாரம் பாலத்திலேயே நின்றுபோயிருந்தது. அரை மைல் நடந்த பிறகும் பத்து இருபது. ஒரு மைலிலும் பத்து இருபது.

"டாக்டரம்மா சொன்ன அஞ்சு நிமிஷம் ரொம்பப் பெருசா இருக்குண்ணே" என்றார் பிச்சைமணி, வியர்வையில் குளித்தபடி.

"படிச்சவங்க நிமிஷம் அப்படித்தான் இருக்கும். நட."

வழியில் ஒரு ஊர் வந்தது. மாலை, சந்தனம், வளையல் சகிதம் தோளுயரத்தில் ஒரு பெண் வருவதைப் பார்த்த சனங்கள் சாமி வருகிறது என்று குடத்துத் தண்ணீரை எடுத்துவந்து அண்ணன்மார் காலில் ஊற்றினார்கள். ஒரு அம்மாள் கும்பிட்டுக் கேட்டாள்: "ஆத்தா, எம் மகனுக்கு எப்பக் கல்யாணம் ஆகும்?"

பவுனுத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு, "வேணாம்! வேணவே வேணாம்! பொண்ணு பாவம்!" என்று கத்தினாள். அந்தப் பையனுக்கு இன்றுவரை கல்யாணம் ஆகவில்லை.

கடிகாரம் பத்து இருபதைக் காட்டியபோது ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது. உள்ளேயிருந்து ஓடிவந்த நர்ஸ், "பெல்ட்டைக் கழட்டுங்கய்யா!" என்றார்.

"அது முடியாதும்மா. கார் இன்னும் ஊர் போய்ச் சேரல" என்றார் ராசாங்கம்.

"எந்தக் கார்?"

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். கார் பாலத்தில் அல்லவா நிற்கிறது! "ஐயையோ, தனியா விட்டுட்டு வந்துட்டோமே" என்று சீட்டை இறக்கி வைத்துவிட்டு ஓடினார்கள். அவர்கள் தலை மறைந்ததும் பவுனுத்தாய் தானே பொத்தானை அழுத்தி எழுந்து, நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். அரை மணியில் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். தெய்வம் இருக்கிறது என்று நான் நம்புவது இந்த மாதிரி நேரத்தில்தான்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளைக்கென்று பவுனுத்தாயின் வீட்டுக்காரர் ஒரு சின்ன சீட் வாங்கிவந்து காரின் பின் சீட்டில், பிள்ளையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்கும்படி முறையாக மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். நர்ஸ் வழியனுப்பும்போது, "பிள்ளை பாக்குற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாத்தான் கார் போகணும்" என்றார்.

"தெளிவாப் புரிஞ்சுது" என்றார் ராசாங்கம்.

சீமைச்சாமி பின்னால் உட்கார்ந்து பிள்ளையின் கண்ணையே பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தான். பிள்ளை வலது பக்கம் பார்த்தது. கார் இடது பக்கம் ஒரு வெண்டைக்காய்த் தோட்டத்துக்குள் புகுந்தது. பிள்ளை இடது பக்கம் பார்த்தது. கார் வெளியே வந்து வலது பக்கம் ஒரு வைக்கோல் போரில் முட்டியது. அம்மாவின் அதட்டலுக்குப் பயந்து அது நேராகப் பார்த்த நேரத்தில் மட்டும் கார் ஊரை நோக்கிப் போனது. சாயங்காலம் வீட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்தபோது பிள்ளை கொட்டாவி விட்டு மேலே பார்த்தது.

"மேல பாக்குதுண்ணே!"

"அப்ப நாம கீழ போகணும்" என்று ராசாங்கம் யோசித்துக் காரைக் கிணற்றுப் பக்கம் திருப்பினார்.

"நிறுத்துங்க!" என்று பவுனுத்தாய் போட்ட சத்தத்தில் கார் கிணற்று விளிம்பில் நின்றது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கார் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் மூவரும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாழிகை பொறுத்து ராசாங்கம் தலையை நீட்டிக் கூப்பிட்டார்.

"பவுனு! பிள்ளை இப்ப எந்தப் பக்கம் பாக்குது?"

"தூங்குது!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

மூவரும் கவலையோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தூங்குறதுக்கு எதிர்ப்பக்கம் எதுடா?" என்றார் ராசாங்கம்.

"முழிச்சிருக்கிறதுண்ணே" என்றான் சீமைச்சாமி.

"அப்ப சரி. பிள்ளை எந்திரிக்கிற வரைக்கும் ஒருத்தனும் கண்ணை இமைக்கக் கூடாது."