பாஸ் அவுட் ஆன இளவரசர்

வெள்ளைக்காரத் துரைகள் கப்பலை விட்டிறங்கி நம் ஊர் வெயிலுக்குக் குடை தேடிய முன்னொரு காலத்தில், மருதப்ப பூபதி என்ற மன்னருக்கு இங்கிலீஷ் மோகம் பிடித்தது. சபையில் யார் வாய் திறந்தாலும் இரண்டு இங்கிலீஷ் சொல்லாவது விழவேண்டும் என்று உத்தரவு போட்டார். பொருள் சொல்ல வரதராயர் இருந்தார். துரைகளின் பேச்சை மன்னருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி அவர். அவருக்குத் தெரிந்தது அரைகுறைதான் என்பதை அறிந்தவன் விகடகவி சொக்கேசன் ஒருவனே. இளவயதில் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன். மாலுமிகள் பேச்சு காதில் ஏறியிருந்தது.

இளவரசர் படிப்பை முடித்தார். அதைக் கொண்டாடும் விழாவுக்கு வரும்படி, பக்கத்துப் பட்டணத்துத் துரைக்கு வரதராயர் இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதிச் சபையில் வாசித்தார்.

"எங்கள் இளவரசர் பாஸ் அவுட் ஆகிவிட்டார். உடனே வரவும்."

சொக்கேசன் எழுந்துவிட்டான். "மகாராஜா, இதை அனுப்பவேண்டாம்! பாஸ் அவுட் என்றால் படிப்பு முடிந்தது என்று பொருளில்லை; மூர்ச்சை போட்டு விழுந்தார் என்று பொருள். கப்பலில் குடித்து விழுகிறவனை மாலுமிகள் அப்படித்தான் சொல்வார்கள்."

"கேட்டீர்களா பிரபு! இளவரசரைக் குடிகாரர் என்கிறான்!" என்றார் வரதராயர்.

மன்னர் முகம் சிவந்தது. "கடிதம் போகட்டும். நீ சொன்னதைத் துரை முன்னால் நிரூபி. தவறினால் நாடு கடத்துவேன்."

சொக்கேசனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. துரையையே கேட்டுவிடலாம்தான். ஆனால் கேள்வியைச் சொல்வதும் துபாஷி, பதிலைச் சொல்வதும் துபாஷி. எதை எப்படித் திரிப்பாரோ!

மூன்றாம் நாள் துரை வேர்க்க விறுவிறுக்கச் சபைக்குள் நுழைந்தார். பின்னால் கறுப்புப் பெட்டியோடு இன்னொரு வெள்ளைக்காரர்.

"யார் அவர்?" என்றார் மன்னர்.

"இளவரசருக்குப் பரிசு கொண்டுவந்திருக்கிறார், பிரபு" என்றார் வரதராயர், கூசாமல்.

சொக்கேசன் பெட்டியைப் பார்த்தான். துறைமுகத்தில் பார்த்துப் பழகிய மாதிரிப் பெட்டி. மனம் லேசாயிற்று.

"மகாராஜா, நானும் பாஸ் அவுட்!" என்று கத்திவிட்டு, வெட்டிய வாழைபோல் தரையில் சாய்ந்தான்.

பெட்டிக்காரர் ஓடிவந்து மண்டியிட்டார். நாடி பிடித்தார். இமையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு குப்பியைத் திறந்து மூக்கடியில் காட்டினார். நெடி தாங்காமல் சொக்கேசன் தும்மித் தீர்த்தான்.

"மகாராஜா, நான் எந்தப் படிப்பை முடித்தேன் என்று இவர் நாடி பார்க்கிறார்?"

மன்னர் துபாஷியை நோக்கினார். துபாஷி தரையை நோக்கினார்.

அப்போது துரை நிதானமான தமிழில் பேசினார்: "இளவரசர் மயங்கி விழுந்தார் என்று டாக்டரை அழைத்துக்கொண்டு விடியலிலிருந்து குதிரையில் வருகிறோம். அவரோ அதோ முறுக்குத் தின்கிறார். எனக்குத் தமிழ் தெரியுமே மன்னரே, தமிழிலேயே எழுதியிருக்கலாமே?"

மன்னருக்கு முதலில் வெட்கம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. கிரீடம் நழுவுமளவு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிச் சொக்கேசன் கழுத்தில் போட்டார். இனி அரண்மனைக் கடிதம் எதுவும் அவன் கண்ணில் படாமல் போகக்கூடாது என்றும் ஆணையிட்டார்.

அன்று முழுவதும் வரதராயர் வாயிலிருந்து ஓர் இங்கிலீஷ் சொல்லும் வரவில்லை. தமிழ்ச் சொல்லும் வரவில்லை.