யார் தோளில் இந்தக் கல்?

முன்னொரு காலத்தில் என்று நான் ஆரம்பிப்பதால், போர் எல்லாம் பழைய சங்கதி என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடாதீர்கள். முன்னொரு காலத்தில் வீரகண்டர் என்று ஒரு ராஜா இருந்தார். ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே, "பக்கத்து மலைநாட்டின் மீது படையெடுக்க வேண்டும்" என்றார். அவர் வாய் கொப்பளித்து முடிப்பதற்குள் தளவாய் ரணவாகு முரசு அறையச் சொல்லிவிட்டார். ராஜா கேட்டால் நிலவைக்கூடச் சுற்றி வளைக்கப் படை அனுப்பக்கூடிய மனிதர் அவர்.

முரசு அறைந்த பிறகுதான் போருக்கு ஒரு காரணம் வேண்டுமே என்று யாருக்கோ தோன்றியது. முதல் மந்திரியான பிரதானி வித்யாபதி அதை உடனே கண்டுபிடித்துக் கொடுத்தார். மலைநாட்டார் குகைகளுக்குள் மூங்கில் குழாய் குழாயாக விஷம் சேர்த்து வைத்திருக்கிறார்களாம். அதில் அம்பு நுனியைத் தோய்த்து நம் மேல் எய்யப் போகிறார்களாம். ஒற்றன் தன் கண்ணாலேயே பார்த்தானாம். ஊர் நடுங்கியது. ஏர் பிடித்தவனும், கிணற்றில் மாடு பூட்டி நீர் இறைக்கிற கமலை ஓட்டியவனும் வேல் பிடித்துக்கொண்டு போனார்கள்.

போர் முடிந்தது. நாம்தான் ஜெயித்தோம். குகைகளில் இருந்த மூங்கில் குழாய்களை வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு வந்து சபையில் இறக்கினார்கள். யாரும் கிட்டே போகவில்லை. அரசவை விகடகவி தோணியப்பன் மட்டும் ஒரு குழாயின் மூடியைத் திறந்து, விரலை விட்டு, நக்கிப் பார்த்தான்.

"விஷம் நல்ல இனிப்பாக இருக்கிறது, அரசே. இரண்டு இட்லி இருந்தால் தேவலை" என்றான்.

அத்தனையும் மலைத்தேன். மலைநாட்டில் தேனை மூங்கில் குழாயில்தான் அடைத்து வைப்பார்கள். அது ஒற்றனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவனுக்கு நேரமும் கொடுக்கவில்லை. ராஜா சிரித்தார் என்பதால் சபையும் சிரித்தது. தளவாயும் பிரதானியும் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். இந்தக் கோமாளிக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று அன்றே இருவரும் கூடிப் பேசிக்கொண்டார்கள்.

இனி அந்த நாட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே ஒருவன் சண்டையில் இறந்தால் அவனுக்கு வீரக்கல் நடுவார்கள். கல்லில் அவன் உருவம் இருக்கும். உருவத்துக்குக் கீழே எதற்காக இறந்தான் என்பதை வெட்டுவார்கள். மாடு மீட்கப் போய் இறந்தான், புலியிடமிருந்து பிள்ளையைக் காக்கப் போய் இறந்தான் என்று. யார் சொல்லி அவன் போனானோ, அவரே வந்து அந்தக் காரணத்தைத் தன் வாயால் சொல்லி, கல்லைத் தன் தோளில் சுமந்து கொண்டுபோய் நட வேண்டும். ஊர்த் தலைவர் அனுப்பினால் ஊர்த் தலைவர் தோள். பண்ணைக்காரர் அனுப்பினால் பண்ணைக்காரர் தோள். கல் நடாமல் ஈமக் கடன் முடியாது. செத்தவன் செத்தவனாகவும் ஆகமாட்டான், வீட்டுக்காரி தாலியைக் கழற்றவும் முடியாது.

இந்தப் போரில் இறந்தவர்களின் கற்கள் எல்லாம் சிற்பியின் கொட்டகையில் கிடந்தன. உருவம் செதுக்கியாகிவிட்டது. கீழே வெற்றிடம். காரணம் சொல்ல யாரும் வரவில்லை.

அப்போதுதான் ராஜா வெற்றி ஊர்வலம் வந்தார். யானை கடைவீதியில் திரும்பும்போது மோர் விற்கிற நாச்சாயி பானையோடு குறுக்கே வந்து நின்றாள். அவள் புருஷன் தவசி கமலை ஓட்டியவன். போருக்குப் போனவன் திரும்பவில்லை.

"ராசா, எம்புருசன் எதுக்குச் செத்தான்? கல்லுல என்னன்னு வெட்டச் சொல்லட்டும்? நீங்கதான அனுப்புனீங்க, நீங்களே சொல்லுங்க."

யானை நின்றுவிட்டது. மேளம் நின்றுவிட்டது. பதில் சொல்லாமல் ராஜா யானையைத் திருப்பச் சொன்னார். தளவாயின் ஆட்கள் நாச்சாயியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பானை உடைந்து வீதியெல்லாம் மோர். எனக்கு அந்தப் பானையை நினைத்தாலே ஆத்திரம் வருகிறது. கேள்வி கேட்டவளின் பானையை உடைத்தால் கேள்வி உடைந்துவிடுமா?

மறுநாள் சபையில் அவளை நிறுத்தினார்கள்.

"வெற்றி பெற்ற அரசரை வீதியில் வைத்துக் கேள்வி கேட்டது ராஜத் துரோகம். இவள் நாக்கை அறுக்க வேண்டும்" என்றார் தளவாய்.

தோணியப்பன் எழுந்தான். "தாராளமாக அறுக்கலாம், தளவாய் அவர்களே. ஆனால் பதில் சொல்லிவிட்டு அறுப்பதல்லவா மரியாதை? பதில் இல்லாமல் அறுத்தால், பதில் தெரியாததால் அறுத்தோம் என்று ஊர் பேசும்."

ராஜா தாடையைத் தடவினார். "சரி, பதில் சொல்லிவிடலாம். தளவாயே, எதற்காகப் போர் செய்தோம்?"

"விஷ அம்புக்காக, அரசே."

"அது தேன் என்று தெரிந்துவிட்டதே!"

"நான் வேறு மாதிரி சொல்வேன், அரசே" என்று பிரதானி நுழைந்தார். "மலைநாட்டுக் குடிகளை அவர்களுடைய கொடுங்கோல் மன்னனிடமிருந்து விடுவிக்கவே போர் செய்தோம்."

"விடுவிக்கப்பட்ட குடிகள் எங்கே?" என்று கேட்டான் தோணியப்பன்.

"சிறையில் இருக்கிறார்கள். நம்மை எதிர்த்துவிட்டார்கள்."

தளவாய் பிரதானியைப் பார்த்து முறைத்தார். விஷம் என்ற செய்தியைக் கொண்டுவந்ததே நீர்தானே என்றார். செய்தி சொன்னேன், படையை ஏவச் சொன்னேனா என்றார் பிரதானி. ஆளுக்கு ஒரு காரணம், காரணத்துக்கு ஒரு கட்சி என்று சபை சந்தைக்கடை ஆகிவிட்டது. ராஜாவுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவர் புத்தியில் ஏதாவது ஒரு கிறுக்கு முளைக்கும்.

"தோணியப்பா! நீதானே பதில் வேண்டும் என்றாய்? நாளை சபையில் நீயே சொல். இந்தப் போரின் காரணம் என்ன? ஒரே சொல்லில் இருக்க வேண்டும்."

பிரதானி சட்டென்று குனிந்து வணங்கினார். "அந்தச் சொல்லை இந்தச் சபையில் ஒருவர்கூட மறுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துவிடலாம், அரசே."

"அப்படியே ஆகட்டும். தோணியப்பா, ஒருவர் மறுத்தாலும் உன் தலை போகும். அவள் நாக்கும் போகும்."

பிரதானி தளவாயைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். தோணியப்பன் எந்தச் சொல்லைச் சொன்னாலும் இருவரில் ஒருவர் எழுந்து நின்று மறுத்தால் போதுமே! சபை கலையும்போது நாச்சாயி தோணியப்பனிடம், "ஏன் சாமி, எனக்காக ஒந்தலையக் குடுக்கப் போறியா?" என்றாள்.

"தலையில் முடி கொட்டிவிட்டது, தாயி. பெரிய நஷ்டம் இல்லை" என்றான். ஆனால் அவனுக்கும் உள்ளுக்குள் கலக்கம்தான். அதை மறைத்துச் சொல்ல நான் தயாராக இல்லை. நேராகச் சிற்பியின் கொட்டகைக்குப் போனான்.

அடுத்த நாள் நாச்சாயியைக் கொண்டுவந்து சபை ஓரத்தில் நிறுத்தினார்கள். சபை நடுவில் ஒரு பல்லக்கு வந்து இறங்கியது. அதன் மேல் பட்டுத் துணி போர்த்தி, மாலை சாத்தியிருந்தது. உள்ளே ஏதோ பெரிய பொருள்.

"அரசே" என்றான் தோணியப்பன், "காரணத்தைச் சொல்லும் முன் ஒரு கடமை. இந்தப் படை யார் சொல்லால் கிளம்பியதோ, அவருக்கு நம் நாட்டு வழக்கப்படி செய்ய வேண்டிய மரியாதையை இன்னும் நாம் செய்யவில்லை. அது இதோ இருக்கிறது. உரியவர் முன்னே வரலாம்."

தளவாய் ஒரே எட்டில் பல்லக்கின் அருகே வந்தார். "போர்த் திட்டம் முழுவதும் என்னுடையது. என் சொல் இல்லாமல் ஒரு குதிரைகூட நகர்ந்திருக்காது."

"திட்டத்துக்கு முன்னால் எண்ணம் வேண்டாமா?" என்று பிரதானி அவரை முழங்கையால் ஒதுக்கினார். "ஒற்றனை அனுப்பியது நான். செய்தியைச் சொன்னது நான். இந்தப் போரைப் பெற்றெடுத்ததே நான்தான்." பின்னாலிருந்து ஜோசியர், நாள் குறித்தவன் நானல்லவா என்று எட்டிப் பார்த்தார்.

"மிக்க மகிழ்ச்சி" என்று தோணியப்பன் பட்டுத் துணியை உருவினான்.

தவசியின் வீரக்கல். தலைப்பாகை, கையில் வேல், முகத்தில் லேசான சிரிப்பு. கீழே வெற்றிடம்.

"அனுப்பியவர் காரணத்தைச் சொல்லி, தோளில் சுமந்து போக வேண்டும். கல் கொஞ்சம் கனம். யார் தோளில் ஏற்றட்டும்?"

தளவாய் பின்னால் நகர்ந்தார். "நான்... நான் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவன். திட்டம் போட்டேனே தவிர, போ என்று சொன்னவன் நானில்லை."

"ஒற்றன் சொன்னதைத்தான் நான் சொன்னேன்" என்றார் பிரதானி. ஜோசியரைக் காணவே இல்லை. எந்தத் தூணுக்குப் பின்னால் ஒளிந்தாரோ!

"அப்படியானால் இவனை யாரும் அனுப்பவில்லை. எதற்காகவும் அனுப்பவில்லை. அரசே, தாங்கள் கேட்ட ஒரு சொல் கிடைத்துவிட்டது" என்று தோணியப்பன் சபையைச் சுற்றிப் பார்த்தான். "சும்மா."

பிறகு கல்லின் மேல் கையை வைத்தான்.

"இந்தப் போர் சும்மா நடந்தது. தவசி சும்மா செத்தான். இதையே எல்லாக் கல்லிலும் வெட்டிவிடலாம். இல்லை, காரணம் இருந்தது என்று மறுக்கிறவர் எழுந்து அந்தக் காரணத்தைச் சொல்லட்டும், கல்லுக்குத் தோள் கொடுக்கட்டும். பிரதானி அவர்களே, மறுக்கிறீர்களா?"

பிரதானி கூரையைப் பார்த்தார்.

"தளவாய் அவர்களே?"

தளவாய் தன் செருப்பைப் பார்த்தார்.

ராஜா சிரித்தார். அடக்கி அடக்கிப் பார்த்தும் முடியாமல், தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "பிடித்தாயடா! இரண்டு பேரையும் ஒரே வலையில் பிடித்தாய்! இந்தா, வாங்கிக்கொள்" என்று கழுத்திலிருந்த முத்து மாலையைக் கழற்றினார். தோளில் கிடந்த சால்வையையும் எடுத்தார். இப்படிப்பட்ட கதை வழக்கமாக இந்த இடத்தில் முடிந்துவிடும். முடிந்திருந்தால் ராஜாவுக்கும் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நான் மறுக்குறேன்" என்றாள் நாச்சாயி.

எல்லாரும் திரும்பினார்கள்.

"எம்புருசன் சும்மா சாகல. சும்மா சாகுற ஆளு இல்ல அது. 'ராசா சொல்லிட்டாரு, போகாம இருந்தா நல்லாருக்காது'ன்னு சொல்லிட்டுத்தான் போச்சு. அனுப்புனவரு இருக்காரு. எல்லாரும் அவரு மூஞ்சியப் பாக்காம கூரையப் பாக்குறீங்க." அவள் முந்தானையைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு கல்லருகே குனிந்தாள். "யாரும் தூக்கலன்னா நானே தூக்குறேன். சும்மான்னு மட்டும் வெட்ட விடமாட்டேன்."

"மறுப்பு வந்துவிட்டது!" தளவாய் துள்ளினார். "அரசே, விகடகவியின் தலை!"

"உண்மைதான், என் தலை போக வேண்டியதுதான்" என்றான் தோணியப்பன். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. "ஆனால் தளவாய் அவர்களே, எனக்கும் ஒரு கல் வெட்டுவார்கள். என் தலையை வெட்டச் சொன்னவர்தான் அதைச் சுமக்க வேண்டும். சொன்னது நீங்கள்தானே?"

தளவாய் உட்கார்ந்துவிட்டார்.

தோணியப்பன் சிம்மாசனத்தைப் பார்த்து நின்றான். கை கட்டவில்லை. "மகாராஜா, மாலையையும் சால்வையையும் தாங்களே கழற்றிவிட்டீர்கள். தோள் தயாராகத்தான் இருக்கிறது."

காவலர்கள் வாளில் கை வைத்தார்கள். ராஜா அசையவில்லை. நாச்சாயி கல்லை ஒரு பக்கம் நிமிர்த்திவிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்த ராஜா எழுந்து படி இறங்கி வந்தார். கல்லின் முன்னால் நின்றார்.

"விஷ..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "குடிகளை விடுவி..." என்று ஆரம்பித்து அதையும் நிறுத்தினார். நாச்சாயி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மலைநாட்டு ராஜா தன் மகள் கல்யாணத்தில் என்னை இரண்டாவது வரிசையில் உட்கார வைத்தான்" என்றார் வீரகண்டர். அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி அந்தச் சபை கேட்டதே இல்லை.

"அதுக்கா?" என்றாள் நாச்சாயி.

"அதற்குத்தான்."

அவள் அழவில்லை. பல்லக்கோடு வந்திருந்த சிற்பியைப் பார்த்து, "அப்படியே வெட்டுங்க. ஒரு எழுத்துக் கொறையாம வெட்டுங்க" என்றாள்.

வெட்டி முடிக்கும் வரை ராஜா நின்றுகொண்டே இருந்தார். பிறகு இரண்டு பேர் கல்லைத் தூக்கி அவர் தோளில் வைத்தார்கள். யானை இல்லை, மேளம் இல்லை. நாச்சாயி முன்னால் நடக்க, ராஜா கடைவீதி வழியாகத் தள்ளாடித் தள்ளாடி நடந்தார். கடைக்காரர்கள் எழுந்து நின்று கல்லில் இருந்ததைப் படித்தார்கள். படித்தவர்கள் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள். ஊர் எல்லையில் குழி தயாராக இருந்தது. கல்லை இறக்கி நட்டுவிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார் ராஜா. தோணியப்பன் பக்கத்தில் வந்து நின்றான்.

"முடிந்ததா, தோணியப்பா?"

"இவன் மேலத்தெருக்காரன், மகாராஜா. மேலத்தெருவிலேயே இன்னும் கற்கள் கிடக்கின்றன. மற்றத் தெருக்களுக்கு நாம் இன்னும் போகவே இல்லை."