பொன்னுரங்கம் வாங்கிய பனிச்சறுக்குப் பலகை

ஓலைப்பட்டியிலேயே பெரிய மீசை பொன்னுரங்கத்தினுடையது. வாய்க்கொழுப்பு அதைவிடப் பெரிசு. மணாலியில் ஓட்டல் வேலை பார்க்கும் மச்சினன் தவசியிடம் அந்த மீசையை வைத்துப் பந்தயம் கட்டிவிட்டான்.

"பலகையோட பனிமலையில சறுக்கி இறங்குறேன் மாப்ளே. இல்லைன்னா மீசையை எடுத்துருதேன்."

அதுவரை அவன் பனியைப் பார்த்தது ஐஸ்பெட்டிக்குள்தான். மணாலியில் நிமிர்ந்து மலையைப் பார்த்ததும் மீசை தானாகத் தொங்கிப்போயிற்று. துணைக்குக் கூட்டாளிகள் சடையனும் மாசானமும்.

"எல்லா மலைக்கும் ஒத்துவர்ற பலகையாக் கேளுங்க மச்சான். சாயம் பூசினது வேண்டாம், மரம் மரமாவே தெரியணும். நிறுத்திப் பாத்தா உங்க தாடைக்கு வரணும்" என்று தவசி சொல்லிக் கடைக்கு அனுப்பினான்.

கடைக்காரர் வெலிங்டன் பட்டாளத்தில் இருந்தபோது தமிழ் கற்றவர். வழவழவென்று ஒரு பலகையை எடுத்து வைத்தார்.

"எல்லா மலைக்கும் ஆகுமா?"

"ஆகும்."

"பழனி மலைக்கு?"

"அங்கே பனி இல்லையே!"

"அப்புறம் என்னய்யா எல்லா மலையும்?" என்று மடக்கினான் சடையன். "சரி, மரம் மரமாவே தெரியணும்னு தவசி சொன்னானே, இலை எங்க?"

மாசானம் பலகையை முகர்ந்தான். "புளியமரமா இருந்தா பேய் இருக்குமேடா."

மூவரும் மூலையில் கூடி ஆலோசித்தார்கள். இந்தக் குளிருக்குப் பேய் எப்போதோ இறங்கி ஓடியிருக்கும் என்று முடிவாயிற்று.

நிறுத்திப் பார்த்தால் பலகை பொன்னுரங்கத்தின் நெற்றிக்கு வந்தது. சின்னப் பலகை தரட்டுமா என்றார் கடைக்காரர். பொன்னுரங்கம் அங்கே கிடந்த முக்காலிமேல் ஏறினான். தாடைக்குச் சரியாக வந்தது. முக்காலியையும் சேர்த்து வாங்கிவிட்டான்.

மலை உச்சியில் பலகையைக் கீழே வைக்கப் போனபோது மாசானம் அலறினான்.

"வைக்காதடா! எங்க வீட்டு வாசக்கதவு மழையில உப்பி, சன்னல் வழியாத்தான் போய்வந்தோம். பனியும் தண்ணிதான?"

பொன்னுரங்கம் சட்டென்று புதுப் பலகையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டான். அளவு தப்பக்கூடாதே என்று முக்காலிமேல் ஏறி நின்றான். முக்காலி நழுவியது.

வேட்டி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம் பறக்க, உட்கார்ந்த வாக்கிலேயே அடிவாரம் வரை சறுக்கி, தவசியின் காலடியில் வந்து நின்றான். தூக்கிய பலகை தூக்கியபடியே இருந்தது.

தவசி பலகையையும் மீசையையும் மாறிமாறிப் பார்த்தான். பலகையோடுதான் வந்திருக்கிறான், குறை சொல்ல வழியில்லை.

"பலகை எப்படி மச்சான்?"

"அருமையான பலகை மாப்ளே! தலையில ஒரு பொட்டுப் பனி படல" என்றான் பொன்னுரங்கம், பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே. "அடுத்த தடவை உக்காருற எடத்துக்கும் ஒண்ணு வாங்கிரணும்."