கடல்தாண்டி வந்த வேலைப் பொருத்தம்

அதிரூபசிங்க மகாராஜாவுக்கு அவ்வப்போது ஒரு கிறுக்குப் பிடிக்கும். இந்தத் தடவை பிடித்த கிறுக்கின் பெயர் வச்சிரகேது. கடல்தாண்டி வந்த மனுஷர். யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று ஒரே கேள்வியில் சொல்லிவிடுவாராம். "உனக்கு என்ன தெரியும்?" இதுதான் அந்தக் கேள்வி. அவர் ஊரில் மார்தட்டிப் பதில் சொல்பவன்தான் கெட்டிக்காரன். ராஜா அரண்மனை உத்தியோகம் அத்தனையையும் அவர் கையில் கொடுத்துவிட்டார். அப்புறம் கூத்துக்குக் கேட்க வேண்டுமா!

எலும்பு வைத்தியம் பார்க்கும் சடைச்சியைக் கூப்பிட்டார்கள். படையில் பாதிப் பேர் அவள் போட்ட கட்டால்தான் நடமாடினார்கள்.

"உனக்கு என்ன தெரியும்?"

சடைச்சி தலையைக் குனிந்தாள். "எனக்கென்னங்க தெரியும்? ஏதோ கைப்பழக்கம். எல்லாம் எங்கப்பா ஆசீர்வாதம்."

வச்சிரகேது எழுதினார்: 'ஒன்றும் தெரியாதவள். குதிரை லாயம் கூட்டட்டும்.'

அவள் இடத்துக்கு, "எனக்கு நிகர் நானே!" என்று முழங்கிய ஒருவன் வந்தான். அவன் கட்டுப் போட்ட முதல் சிப்பாய்க்கு இடது கால் கிழக்கே போனால் வலது கால் மேற்கே போனது.

ராஜாவைச் சிரிக்க வைப்பதே வேலையாக இருந்த பிச்சாண்டிக்கு இது பொறுக்கவில்லை. போன வருஷம் முறிந்த அவன் காலை ஒட்டவைத்தவளே சடைச்சிதான். அவள் கையில் துடைப்பத்தைப் பார்த்ததும், "இந்த ஆளுக்கு ஒரு வழி பண்றேன் தாயி" என்றான்.

"எனக்காக எதுக்குங்க வம்பு?"

"வம்புதானே தாயி என் பொழப்பு!"

மறுநாள் நிறைந்த சபையில் வச்சிரகேதுவிடம் ஓர் ஓலையை நீட்டினான். "இன்னொரு ஆள் இருக்கார் ஐயா. பதிலை மட்டும் எழுதிக்கிட்டு வந்தேன்."

வச்சிரகேது உரக்கப் படித்தார். "நான் என்ன பெரிசா பண்ணிட்டேன்? எல்லாம் ஆண்டவன் பார்த்துக்கிறான். ஏதோ வண்டி ஓடுது." படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பொறுப்பே இல்லாத ஆள். எருமை மேய்க்கத்தான் லாயக்கு. அதுவும் கிழட்டு எருமையாகப் பார்த்துக் கொடுங்கள்."

"யாரப்பா அந்த ஆள்?" என்றார் ராஜா ஆவலாக.

"முந்தாநாள் பக்கத்து நாட்டுத் தூதர், 'நாட்டை இவ்வளவு அருமையாக எப்படி ஆள்கிறீர்கள்?' என்று கேட்டாரே. அதற்கு நீங்கள் சொன்ன பதில்தான் அரசே! எருமை கொட்டில்ல தயாரா நிக்குது."

ராஜாவின் முகம் சிவந்தது. மீசை துடித்தது. அடுத்த கணம் சிம்மாசனமே ஆடும்படி சிரித்தார்.

"அடப்பாவி! பெரியவங்க முன்னாடி தன் பெருமை பேசாத ஊரய்யா இது! சடைச்சியைக் கூப்பிடுங்கள். வைத்தியர் வேலை இனி அவளுக்குத்தான். அந்தக் கோணக்கால் சிப்பாயை முதலில் கவனிக்கட்டும்."

பிச்சாண்டிக்கு முத்துமாலை கிடைத்தது. ராஜா மெல்ல வச்சிரகேதுவின் பக்கம் திரும்பினார்.

"சரி, உமக்கு என்னய்யா தெரியும்?"

வச்சிரகேது இரண்டு கையையும் கூப்பினார். "எனக்கு ஒன்றுமே தெரியாது மகாராஜா!"

பிச்சாண்டி முத்துமாலையைச் சரிசெய்துகொண்டே சொன்னான்: "அரசே, இவர் சொல்றதை மட்டும் அப்படியே எழுதிக்கலாம்."