வாட்டம்

மலை மேலிருந்த அந்த ஆசிரமத்தில் மூட்டுவலிக்காரர்களும் இளைப்புக்காரர்களும் தங்கியிருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். அடித்தளத்தில் ஒரு பாய்லர். அதிலிருந்து நீராவி ஒரே குழாய் வழியாக அறைகளுக்குப் போகும். அங்கே நிற்கும் இரும்புப் பெட்டிகளைச் சூடாக்கும். பிறகு குளிர்ந்து தண்ணீராகி, போன குழாயிலேயே திரும்பி வரும்.

அந்த வருஷம் பாய்லர் ஓட்டை விழுந்துபோயிற்று. புதிது வைக்கும் பொறுப்பு மூத்த சீடர் கனகசபையிடம் வந்தது. எதிலும் நேர் பார்ப்பவர். பழைய குழாய் சாய்ந்து கிடந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. "எவனோ கோணலாப் போட்டுட்டுப் போயிருக்கான்" என்று ஆள்வைத்து எல்லாவற்றையும் நேராக்கினார்.

அடுப்பு மூட்டிய முதல் காலையில் குழாய்க்குள் சம்மட்டி அடி விழுந்தது. டங். டங். கட்டடம் அதிர்ந்ததே தவிர அறைகள் சூடாகவில்லை.

மாடியிலிருந்து இளைப்புக்கார முத்தையா குரல் கொடுத்தார்.

"ரொம்ப நேரமா யாரோ தட்டுறாங்க. கதவைத்தான் திறந்துவிடுங்களேன்."

கனகசபைக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய தம்பி வேலப்பன் முந்தின நாளிலிருந்து கீழே பஸ் நிற்கும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். அவனும் இங்கே சீடனாக இருந்தவன்தான். ஒரு நாள் பந்தியில் எல்லார் முன்னாலும் அண்ணனைப் பார்த்து, "நீ காவி கட்டின கங்காணி" என்று சொல்லிவிட்டு இலையை மடித்து இறங்கிப் போனான். போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. இப்போது மேலே வரலாமா என்று கேட்டு அனுப்பியிருந்தான். சேதி கொண்டுவந்த கடைக்காரர், "இருமல் நிக்கலை சாமி. ஆளு ரொம்ப வாட்டமா இருக்காப்ல" என்று சொல்லிப் போனார்.

குரு சாந்தலிங்கர் அடித்தளத்துக்கு இறங்கி வந்தார். துறவுக்கு முன்னால் நூல் மில்லில் பாய்லர் பார்த்தவர்.

"தம்பிக்கு என்ன சொல்லி அனுப்பினே?"

"பாய்லர் இந்தப் பாடு படுத்துது. இப்ப அவன் பேச்சா, சுவாமி?"

"அது பாட்டுக்குத் தட்டட்டும். நீ சொல்லு."

"வரட்டும். எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுட்டு உள்ளே வரட்டும். எனக்காகச் சொல்லலை. தம்பின்னு சும்மா விட்டா நாளைக்கு நாலு பேர் பேசுவாங்க. இங்கே எல்லாருக்கும் மட்டம் ஒண்ணுதான்."

"கேட்பானா?"

"கேட்க மாட்டான்."

"அப்புறம்?"

குழாய் டங் என்றது.

குரு அதை அண்ணாந்து பார்த்தார்.

"எதை வெச்சு மாட்டினே?"

"ரசமட்டம்." கனகசபை முக்காலியில் ஏறி அதைக் குழாயின் மேல் வைத்தார். உள்ளேயிருந்த குமிழி நடுக்கோட்டில் போய் நின்றது. "பாருங்க. இம்மி பிசகலை."

"பிசகலை. அதான் தட்டுது."

"புரியலை, சுவாமி."

"போறப்ப அது ஆவி. வேகமாப் போகும், வழி கேட்காது. திரும்பறப்ப வெறும் தண்ணி. வாட்டம் இருந்தாத்தான் வரும். பழைய ஆளு சரிவாப் போட்டது அதுக்குத்தான். நீ நிமித்திட்டே. இப்ப அது வரவும் முடியாம, அங்கேயே இருக்கவும் முடியாம நடுவழியில கிடக்கு. பின்னாடி வர்ற ஆவி அதைத் தூக்கி அடிக்குது."

வாட்டம். அந்தச் சொல்லைக் கனகசபை அன்று இரண்டாம் முறையாகக் கேட்டார்.

குழாயின் மறுகோடியைக் காட்டி, "அந்த முனையை ஏத்திடவா?" என்றார்.

"அது சுவருக்குள்ள போயாச்சு. அதை அசைக்க முடியாது."

"அப்போ?"

"நம்ம முனையை இறக்கு."

கனகசபை முக்காலியிலிருந்து இறங்கினார். அடுப்பை அவித்தார். தட்டல் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது.

மாடியிலிருந்து மறுபடியும் முத்தையாவின் குரல்.

"என்ன சாமி, தட்டினவன் போயிட்டானா?"

கனகசபையின் கையில் ரசமட்டம் இருந்தது. குமிழி இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு இறக்கணும், சுவாமி?"

"வந்து சேர்ற வரைக்கும்."