தோளில் இருந்த கை

நாமக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ரெஜினாவின் டிசைன் கடை இருந்தது. அங்கே தொழில் கற்றுக்கொள்ள பூங்கோதை வந்தாள். குருவைவிட சிஷ்யைக்குத்தான் வயது அதிகம். மதியத்தில் இருவரும் அவரவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சாப்பிடுவார்கள்.

"டீச்சர்னு கூப்பிடாதீங்கக்கா. ஏற்கெனவே என்னைப் பொண்ணு பார்க்க யாரும் வர்றதில்ல."

"சரிங்க டீச்சர்."

பூங்கோதையின் கணவர் லாரி ஓட்டியவர். அவருக்கு முதலாம் ஆண்டு நினைவு நாள் வந்தது. அஞ்சலி போஸ்டரைத் தானே செய்வதாக அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவருடைய லைசென்ஸ் படத்தில் கண் பாதி மூடியிருந்தது. நன்றாக இருந்தது ஒரே ஒரு ஸ்டுடியோ படம். வெள்ளைச் சட்டையில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்ற பூங்கோதையின் கை அவர் தோளில் இருந்தது.

அவள் படத்தில் பின்னால் தொங்கிய ஸ்டுடியோ திரையை வெட்டி எடுத்தாள். அவரைப் பெரிதாக்கித் தன்னைப் போஸ்டரின் விளிம்புக்கு வெளியே தள்ளினாள். கை மட்டும் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து தோளில் நின்றது.

மாதிரியைப் போனில் பார்த்த கணவரின் அண்ணன் உடனே கூப்பிட்டார்.

"ஏம்மா, அஞ்சலி போஸ்டர்ல உசுரோட இருக்கறவ கை வரலாமா? உனக்குத்தான் ஆகாது. பிள்ளையும் இல்ல. உனக்கு ஒண்ணுன்னா யாரு பார்க்கறது?"

"சரிங்க மாமா."

"கோவத்துல சொல்லலம்மா."

"தெரியுதுங்க."

அவள் கையின் மேல் ஒரு வெள்ளைக் கட்டத்தை வைத்தாள். போஸ்டர் இன்னும் வெள்ளையாக இருந்ததால் அது தெரியவில்லை. ரெஜினா வந்து பின்னணியில் நீல வானத்தையும் மேகத்தையும் போட்டாள். கட்டம் பளிச்சென்று தெரிந்தது.

"இது என்னக்கா?"

"நான்தான் டீச்சர்."

ரெஜினா சிரிக்கவில்லை. கட்டத்தை எடுத்துவிட்டாள்.

"நான் இருந்தது தெரியாம எப்படி மங்க வைக்கிறது?" என்று பூங்கோதை கேட்டாள்.

ரெஜினா திரையில் ஒரு அம்பை எடுத்துக் காட்டினாள். "இது ஆரம்பிக்கிற இடத்துல படம் முழுசா இருக்கும். முடியுற இடத்துல ஒண்ணுமே இருக்காது. நடுவுல கொஞ்சங்கொஞ்சமா மங்கும். இழுத்துப் பாருங்க."

பூங்கோதை அவர் கன்னத்தில் தொடங்கித் தன் கை வரைக்கும் இழுத்தாள். முதலில் வளையல் போனது. பிறகு விரல்கள் வெளுத்தன. கூடவே அவர் தோள் கரைந்து மேகம் தெரிந்தது.

"அவர் தோளும் சேர்ந்து போகுது டீச்சர்."

"ம்."

"கையை மட்டும் எடுக்க முடியாதா?"

ரெஜினா அம்பை எடுத்துவிட்டாள். தோளும் கையும் திரும்பி வந்தன. கையைச் சுற்றிக் கோடு போட்டு அதை மட்டும் வெட்டி எடுத்தாள். தோளில் விரல்களின் வடிவத்தில் ஒரு ஓட்டை விழுந்தது. அதற்குள் வானம் தெரிந்தது.

"கைக்கு அடியில சட்டை இருக்கணுமே!"

"கேமரா அதைப் பார்க்கலையேக்கா."

"வெள்ளைதானே? வெள்ளையை வச்சு அடைச்சிடலாமா?"

"அடைக்கலாம். அடியில வெள்ளையாவா இருந்துச்சு?"

பூங்கோதை தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"இல்ல," என்றாள். "நனைஞ்சிருந்துச்சு. லாரிய நிறுத்திட்டு, தலையில தண்ணிய ஊத்திக்கிட்டு அப்படியே வந்துட்டார். துவட்டவே இல்ல. ஸ்டுடியோக்காரர் திட்டினார். துணி ஒட்டிக்கிட்டு தோளே தெரிஞ்சுது. ஈரத்தை மறைக்கத்தான் கை வச்சேன்."

ரெஜினா கையை மறுபடி இருந்த இடத்தில் கொண்டுவந்தாள்.

மேசையில் போன் அடித்தது. பூங்கோதை அதை எடுக்கவில்லை.

"மாமா கூப்பிடறார். பிரஸ்ஸுக்கு அனுப்பியாச்சான்னு கேப்பார். கையைப் பத்தி என்ன சொல்றது?"

"படம் எடுத்து முடிச்சதும் கையை எப்ப எடுத்தீங்க?"

போன் தானாக ஓய்ந்தது.

"நான் எடுக்கல," என்றாள். "அவர்தான் எந்திரிச்சுப் போனார்."

ரெஜினா மவுஸை அவள் பக்கம் தள்ளினாள்.

"அப்போ அம்பைத் திருப்பிப் போடுங்கக்கா. கை முழுசா இருக்கட்டும். கையிலேர்ந்து ஆரம்பிச்சு, அவர் முகத்தைத் தாண்டிக் கொண்டுபோய் விடுங்க."